மணிக்கற்களை அறிதல், கோத்தல், பேணுதல்: துளையிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

மோதிரத்தில் பதித்த கல்லுக்கு அடியிலும் ஓரத்திலும் உலோகம் காவல் நிற்கிறது. சரத்தில் கோத்த மணிக்கு அந்தக் காவல் இல்லை. எல்லாப் பக்கமும் வெளியே தெரிய, நடுவில் துளை வாங்கி, இருபுறமும் பக்கத்து மணிகளோடு உரசிக்கொண்டு, உடலின் வெப்பத்திலும் வியர்வையிலும் அது நாள் முழுவதும் கிடக்கிறது. வெளிப்பரப்பு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் துளையின் உட்சுவர் பெரும்பாலும் மெருகின்றிச் சொரசொரப்பாகவே விடப்படுவதால், சாயம் இறங்குவதும், வியர்வை ஊறுவதும், விரிசல் தொடங்குவதும், நூல் அறுபடுவதும் அங்கேதான் நடக்கின்றன. எனவே ஒரு சரம் கைக்கு வந்தால் நான் முதலில் துளையைப் பார்த்துவிட்டுத்தான் கல்லின் நிறத்தைப் பார்க்கிறேன். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளது.

முதல் படி: கீறல் படுமா, உடையுமா, உறிஞ்சுமா

மணிக்கல்லைப் பேணுவதற்கு வேண்டிய அறிவு பெரும்பாலும் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது. மூன்றும் வெவ்வேறு கேள்விகள் என்பதை மறந்துவிடும்போதுதான் நல்ல கற்கள் பாழாகின்றன.

கீறல் பற்றிய கேள்விக்கு, பிரீட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை வரிசை இன்றும் போதுமானதாக இருக்கிறது. மிக மென்மையான டால்க் அதில் 1; வைரம் 10. இது எது எதைக் கீறும் என்று காட்டும் வரிசையே தவிர, சம இடைவெளி கொண்ட அளவுகோல் அன்று. 9-இல் உள்ள மாணிக்கத்துக்கும் 10-இல் உள்ள வைரத்துக்கும் இடையிலான தூரம், அதற்குக் கீழே உள்ள எந்த இடைவெளியையும் விட மிகப் பெரியது. அணிகலன் வைத்திருப்பவருக்கு இந்த வரிசையில் முக்கியமான எண் 7. நம்மைச் சுற்றியுள்ள தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் கலந்திருக்கின்றன. குவார்ட்ஸின் கடினம் 7. அதற்குக் கீழே உள்ள எந்தக் கல்லையும் தூசியோடு உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால், துடைப்பதாக நினைத்துக்கொண்டு நாம் அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஸ்படிகம், செவ்வந்திக்கல், ரோஸ் குவார்ட்ஸ், புலிக்கண் கல் ஆகியவை குவார்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. அகேட், சூதுபவளம், ஓனிக்ஸ், ஜாஸ்பர் ஆகியவை அதன் நுண்படிக உறவினர்கள். இவை 6.5 முதல் 7 வரை நிற்பதால் அன்றாடம் அணியத் தக்கவை. கார்னெட் 6.5 முதல் 7.5 வரையிலும், மரகதம் 7.5 முதல் 8 வரையிலும், மாணிக்கமும் நீலமும் 9-இலும் இருக்கின்றன. சந்திரகாந்தக்கல் 6-ஐ ஒட்டியும், லாபிஸ் லாசுலியும் டர்க்காய்ஸும் 5-க்கும் 6-க்கும் இடையிலும் வருகின்றன. அதன் பிறகு மென்மையான கூட்டம்: புளூரைட் 4, மாலகைட் 3.5 முதல் 4, பவளம் 3 முதல் 4, முத்து 2.5 முதல் 4.5, காலப்போக்கில் இறுகிக் கல்லான மரப்பிசினாகிய அம்பர் 2 முதல் 2.5.

ஆனால் கடினமான கல் உடையாது என்று எண்ணுவது தவறு. வைரத்தால் எதையும் கீறலாம். சுத்தியலால் ஓங்கி அடித்தால் அதுவே பிளந்துவிடும். 8-இல் நிற்கும் டோபாஸ் ஒரு திசையில் எளிதாகப் பிளக்கும். புளூரைட் நான்கு திசைகளில் பிளக்கும். ஜேட் கல்லின் கடினம் 6-க்கும் 7-க்கும் இடையில்தான் என்றாலும், அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அது அசாதாரணமான உறுதி கொண்டது. கற்கால மனிதர்கள் அதில் கோடரிகள் செய்ததற்கும் அந்தப் பின்னலே காரணம். மணியைப் பொறுத்தவரை, பிளவுத்தளம் உள்ள கற்களில் துளை வாயிலேயே சிறு சில்லுகள் பெயர்ந்திருக்கும். சந்திரகாந்தக்கல், புளூரைட் சரங்களில் இதை எப்போதும் எதிர்பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. டர்க்காய்ஸ் நுண்துளைகள் நிறைந்த கல்; உடலின் எண்ணெய்ப் பசையையும் ஒப்பனைப் பொருள்களையும் உறிஞ்சி, அதன் வான்நீலம் காலப்போக்கில் பச்சையாக மங்கிப்போகும். முத்தும் பவளமும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை; வியர்வையின் இலேசான அமிலம்கூட அவற்றின் மேற்பரப்பை மெல்ல மெல்ல அரிக்கும். லாபிஸ் என்பது தனிக் கனிமம் அன்று. நீல லாசுரைட், வெள்ளைக் கால்சைட், பொன்னிறப் பைரைட் ஆகியவை கலந்த பாறை. ஆகவே அமிலம் பட்டால் அதன் கால்சைட் பகுதி முதலில் கரையும். ஓப்பல் தனக்குள் நீரைக் கொண்டிருப்பதால், திடீர் வெப்பத்திலும் மிகுந்த வறட்சியிலும் வெடிப்பு விடக்கூடியது.

இரண்டாம் படி: உண்மையையும் மாற்றத்தையும் பிரித்தறிதல்

இங்கே இரண்டு செய்திகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, உண்மையான கல்லுக்குச் செய்யப்படும் மாற்றம்; மற்றொன்று, கல்லே வேறாக இருப்பது. முதலாவது பல நேரங்களில் பழமையான, ஏற்கத்தக்க தொழில்நுட்பம். விற்பவர் சொல்லிவிட்டால் அதில் குறையில்லை.

சூதுபவளத்தைச் சூடாக்கினால் அதிலுள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து சிவப்பு ஆழமாகும் என்பதைச் சிந்துவெளிக் கைவினைஞர்கள் அறிந்திருந்தார்கள். கறுப்பு ஓனிக்ஸ் மணிகள் ஏறக்குறைய எல்லாமே சாயம் ஏற்றியவை. கல்லைச் சர்க்கரைக் கரைசலில் நெடுநாள் ஊறவைத்து, பிறகு கந்தக அமிலத்தில் சூடாக்கினால், நுண்துளைகளுக்குள் புகுந்த சர்க்கரை கரியாகி நிரந்தரக் கறுப்பாகிறது. கற்களைத் தேனில் வேகவைக்கும் வழக்கம் ரோமானியர் காலத்திலேயே இருந்தது. ஜெர்மனியின் இடார்-ஓபர்ஷ்டைன் நகரம் 19-ஆம் நூற்றாண்டில் இந்தச் சாயமேற்றலைப் பெருந்தொழிலாக வளர்த்தது. சந்தையில் உள்ள சிட்ரின் மணிகளில் பெரும்பகுதி, சூடாக்கி மஞ்சளாக்கிய செவ்வந்திக்கல்தான். மரகதத்தின் விரிசல்களில் எண்ணெயோ ரெசின் என்னும் பிசினோ நிரப்புவதும், டர்க்காய்ஸை ரெசின் ஊட்டி உறுதிப்படுத்துவதும் வழக்கமானவையே. கார்னெட் மட்டும் பெரும்பாலும் எந்த மாற்றமும் இல்லாமல் வருகிறது. முதன்முதலாக மணி வாங்குபவருக்கு அதை நான் மனமாரப் பரிந்துரைப்பேன்.

இரண்டாவது வகையில் பெயர்களே ஏமாற்றுகின்றன. ஓப்பலைட், செர்ரி குவார்ட்ஸ், கோல்ட்ஸ்டோன் ஆகிய மூன்றும் கண்ணாடி. டர்க்காய்ஸ் என்று மலிவாக வருவது பல நேரங்களில் நீலச் சாயமிட்ட ஹவ்லைட் அல்லது மேக்னசைட் என்னும் வெள்ளைக் கல். காந்த ஹெமடைட் என்று வருவது செயற்கைக் காந்தப்பொருள். இயற்கை ஹெமடைட் காந்தம்போல் ஒன்றையொன்று இழுத்து ஒட்டாது. குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தக் காந்த மணிகளை வைத்திருக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒன்றுக்கு மேற்பட்ட மணிகள் விழுங்கப்பட்டால் அவை குடற்சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து உயிருக்கே ஆபத்தை உண்டாக்கும்.

வீட்டில் செய்யத்தக்க சோதனைகளை இந்த வரிசையில் செய்யலாம். முதலில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் துளையின் வாயைப் பாருங்கள்: சாயம் இட்ட மணியில் நிறம் துளையைச் சுற்றியும் விரிசல் கோடுகளிலும் தேங்கியிருக்கும், மேல்பூச்சு இட்ட மணியில் துளை விளிம்பில் அது உரிந்து உள்ளே வேறு நிறம் தெரியும், கண்ணாடியில் வட்டக் குமிழிகள் தென்படும். அடுத்து, அசிட்டோன் என்னும் கரைப்பானில் நனைத்த பஞ்சால் கொக்கிக்கு அருகே உள்ள ஒரே ஒரு மணியை மெதுவாகத் தேயுங்கள். பஞ்சில் நீலமோ சிவப்போ ஏறினால் அது சாயம். முத்து, அம்பர், ஓப்பல் ஆகியவற்றிலும், ரெசின் ஊட்டிய கல் என்று தெரிந்தவற்றிலும் இதைச் செய்யக்கூடாது. முத்தைச் சோதிக்கப் பல்லின் ஓரத்தில் மிக இலேசாக உரசினால் போதும்: முத்துப் படலம் நுண்ணிய தகடுகளால் ஆனதால் நெறநெறப்பாக உணரப்படும், கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ வழுக்கும். அம்பரின் அடர்த்தி நீரைவிடச் சிறிதே அதிகம், அதாவது 1.05 முதல் 1.10 வரை, ஆகவே உப்பு இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்த நீரில் தனி மணியைப் போட்டால் மிதக்கும். கண்ணாடியும் பேக்கலைட் என்னும் பழைய வகைப் பிளாஸ்டிக்கும் மூழ்கும். சில பிளாஸ்டிக்குகளும் இளம்பிசினான கோப்பலும் மிதந்துவிடும் என்பதால், மூழ்கினால் அம்பர் இல்லை என்று சொல்லலாமே தவிர, மிதந்தால் அம்பர்தான் என்று முடிவுகட்ட முடியாது. சோதித்தபின் நல்ல நீரில் கழுவித் துடைத்துவிட வேண்டும்.

மூன்றாம் படி: நம்பிக்கைகளை அறிந்து, கல்லைக் காத்தல்

மணிகளின் கதை மனித நாகரிகத்தின் கதையோடு பிணைந்தது. மெசொப்பொத்தேமியாவில் (இன்றைய ஈராக்) ‘ஊர்’ (Ur) என்னும் பெயர் கொண்ட பண்டைய நகரத்தில், ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய அரச கல்லறைகளிலிருந்து லாபிஸ், சூதுபவளம், பொன் ஆகியவற்றால் ஆன மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. அந்த லாபிஸ் வடகிழக்கு ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளிலிருந்தும், நீண்ட சூதுபவள மணிகள் சிந்துவெளியிலிருந்தும் சென்றவை. அவ்வளவு கடினமான கல்லில் அவ்வளவு நீளமான துளையை இருமுனைகளிலிருந்தும் இட்டு நடுவில் சந்திக்கச் செய்தவர்களின் பொறுமையை நினைக்கும்போது, ஒரு மணியைக் கவனமின்றிக் கையாள எனக்கு மனம் வருவதில்லை.

கதைகளும் கூடவே வந்தன. செவ்வந்திக்கல்லின் அமெதிஸ்ட் என்னும் பெயர் போதையேறாதது என்னும் பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதை அணிந்தால் மது மயக்காது என்று கிரேக்கர்கள் நம்பினார்கள். பாம்புக் கூந்தல் கொண்ட அரக்கி மெதுசாவின் அறுபட்ட தலையிலிருந்து வழிந்த குருதி பட்டுக் கடற்செடி இறுகிப் பவளமானது என்றும், இறந்த சகோதரனுக்காக அழுத பெண்களின் கண்ணீரே அம்பர் என்றும் அவர்கள் சொன்னார்கள். அம்பரைத் தேய்த்தால் அது துரும்பை இழுக்கும். அதன் கிரேக்கப் பெயரான எலெக்ட்ரான் என்பதிலிருந்துதான் மின்சாரத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் பிறந்தன. சிப்பிக்குள் விழுந்த வானத்துத் துளி முத்தாகிறது என்னும் நம்பிக்கை இந்தியாவிலும் ரோமிலும் ஒருசேர இருந்தது. சந்திரகாந்தக்கல் நிலவொளியில் நீர் கசியும் என்பது நம் கவி மரபு. ஒன்பது கோள்களுக்கு ஒன்பது மணிகள் என்னும் வைப்பு மிகப் பழமையானது. பிறந்த மாதத்துக்கு ஒரு கல் என்று இன்று பரவலாக வழங்கும் பட்டியலோ 1912-இல் அமெரிக்க நகை வணிகர்களின் சங்கம் ஒழுங்குசெய்தது.

இக்கதைகளை நான் நேசிக்கிறேன். ஒரு சரத்தை அணியும்போது அதன் கதையையும் சேர்த்தே அணிகிறோம். ஆயினும் கல் நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மருத்துவம் தேவைப்படும் இடத்தில் மணி அதற்கு மாற்றாகாது. மேலும், சக்தியூட்டுவதாகச் சொல்லப்படும் சில செய்முறைகள் கல்லையே அழிக்கின்றன. வெயிலில் நெடுநேரம் வைத்தால் செவ்வந்திக்கல்லும் பல ரோஸ் குவார்ட்ஸ் மணிகளும் குன்சைட் என்னும் இளஞ்சிவப்புக் கல்லும் வெளுத்துப்போகும். அந்த நிறம் திரும்பாது. உப்புநீர் உலோகக் கொக்கியை அரித்து, லாபிஸின் பைரைட்டைக் கறுக்கச் செய்து, துளைக்குள் உப்புப் படிகங்களை விட்டுச்செல்லும். அந்தப் படிகங்கள் உலர்ந்து நூலை அறுக்கும். கல் ஊறிய நீரைப் பருகுவது இவற்றினும் கொடியது, ஏனெனில் மாலகைட்டில் செம்பும் வேறு சில கனிமங்களில் பாதரசமும் ஆர்செனிக்கும் இருக்கின்றன. சடங்காக ஏதேனும் செய்ய விரும்புபவர்கள் இரவில் நிலவொளியில் வைக்கட்டும். அது எந்தக் கல்லுக்கும் தீங்கு செய்யாது.

நான்காம் படி: நூலைத் தேர்ந்து கோத்தல்

கோப்பதற்கு முன் ஒவ்வொரு மணியின் துளையிலும் ஊசியை விட்டுப் பார்க்க வேண்டும். இருபுறமும் இட்ட துளைகள் நடுவில் சற்று விலகிச் சந்தித்திருந்தால், அங்கே ஒரு கூரிய படி இருக்கும். வைரத்தூள் பூசிய சிறு அரத்தை நீரில் நனைத்து, கையால் மெதுவாகச் சுழற்றி அந்தப் படியையும் வாய் விளிம்பையும் மழுக்கலாம். நீர் இன்றி அராவினால் கல் சூடாகி விரியும்; தூளும் மூச்சில் ஏறும். மாலகைட்டையும் பவளத்தையும் இவ்வாறு அராவும்போது முகக்கவசம் கட்டாயம்.

நூல் கல்லின் எடையையும் துளையின் கூர்மையையும் பொறுத்தது. 8 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் மணி ஒன்று ஏறத்தாழ 0.7 கிராம் இருக்கும். 40 சென்டிமீட்டர் சரத்துக்கு 50 மணிகள் என்றால் 35 கிராம். அதே அளவில் ஹெமடைட் என்றால் இரு மடங்கு, 70 கிராம். ஹெமடைட், பட்டை தீட்டிய குவார்ட்ஸ் போன்ற கனமான, விளிம்பு கூரிய மணிகளுக்கு நைலான் பூசிய மெல்லிய எஃகுக் கம்பிவடம் பொருந்தும். 7 இழை விறைப்பாகவும் 49 இழை துணிபோல் துவண்டும் இருக்கும் என்பதால், கழுத்தில் அழகாகத் தொங்க வேண்டுமானால் பின்னதைத் தேர்ந்தெடுங்கள். இதில் முனையைக் கிரிம்ப் மணி என்னும் சிறு உலோக மணியால் நெரித்து மூடும் முன், சரத்தை வட்டமாக வளைத்துப் பார்த்து ஓரிரு மில்லிமீட்டர் தளர்வு விட வேண்டும். நேராக இருக்கும்போது இறுக்கமாகத் தோன்றும் சரம் வளைந்தவுடன் விறைத்து, மணிகளை ஒன்றோடொன்று நெருக்கி விளிம்பைச் சிதைக்கும்.

முத்து, பவளம், அம்பர், டர்க்காய்ஸ் ஆகிய மென்மையான மணிகளுக்குப் பட்டு நூலே சிறந்தது. மணிக்கு மணி ஒரு முடிச்சு வேண்டும். முடிச்சு, மணிகள் உரசாமல் காக்கிறது. அறுந்தாலும் ஒரு மணிக்கு மேல் சிதறாமல் தடுக்கிறது. ஒரு முறை முத்துக்களுக்கு இடையே பட்டை தீட்டிய ஸ்படிகத்தை முடிச்சின்றிக் கோத்தேன். சில மாதங்களில் ஒவ்வொரு முத்தின் இரு கன்னங்களிலும் வெளுத்த வளையம் விழுந்துவிட்டது. அதன் பின் கடினம் வேறுபடும் மணிகளை முடிச்சின்றி அருகருகே வைப்பதில்லை. பட்டு நூலை முந்தைய இரவே சிறு எடை கட்டித் தொங்கவிட்டு நீட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டை நூலாக முடிச்சிட்டுக் கோக்க, முடிந்த சரத்தின் நீளத்தைப்போல் குறைந்தது நான்கு மடங்கு நூல் வேண்டும். 45 சென்டிமீட்டருக்கு 2 மீட்டர் எடுத்துக்கொண்டால் கவலையில்லை. முடிச்சை ஊசிமுனையால் மணியின் வாய்வரை தள்ளிக்கொண்டுபோய், ஊசியை உருவியபடியே இறுக்குவதுதான் இதில் கைப்பழக்கம் கேட்கும் இடம்.

கைச்சரத்துக்கு நீளம் கணக்கிடும்போது பலரும் தவறுகிறார்கள். நூல் மணியின் நடுவே செல்வதால், கையைத் தொடும் உட்சுற்று நூலின் நீளத்தைவிடக் குறைவு. அந்தக் குறைவு மணியின் விட்டத்தை 3.14 ஆல் பெருக்கிய அளவு. மணிக்கட்டுச் சுற்று 16 சென்டிமீட்டர் என்றால், 6 மில்லிமீட்டர் மணிகளுக்கு ஏறத்தாழ 18 சென்டிமீட்டரும், 10 மில்லிமீட்டர் மணிகளுக்கு 19 சென்டிமீட்டரும் கோத்தால்தான் கையோடு பொருந்தும். தளர்வு வேண்டுமானால் அதற்கு மேலும் ஒரு சென்டிமீட்டர் சேர்க்கலாம். இழுத்தால் நீளும் மீள்நூலில் (எலாஸ்டிக்) கோப்பவர்கள் முதலில் அதை நன்றாக இழுத்துத் தளர்த்திக்கொள்ள வேண்டும். முடிச்சைப் பெரிய துளையுள்ள மணிக்குள் மறைக்கலாம்.

ஐந்தாம் படி: அணிதல், கழுவுதல், வைத்தல்

ஒப்பனையும் வாசனைத் திரவியமும் முடிந்து உலர்ந்த பிறகே மணிகளை அணிய வேண்டும். வீடு திரும்பியதும் முதலில் கழற்ற வேண்டியவையும் அவையே. கழற்றியவுடன் சற்று ஈரமான மென்துணியால் ஒவ்வொரு மணியையும் துடைத்துவிட்டால், மற்றக் கழுவல்கள் பெரும்பாலும் தேவைப்படாது.

குவார்ட்ஸ் குடும்பத்தையும் கார்னெட்டையும் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பிட்டு, மெல்லிய தூரிகையால் துளை வாய்களைச் சுற்றிக் கழுவலாம். முத்து, பவளம், டர்க்காய்ஸ், லாபிஸ், மாலகைட், அம்பர், ஓப்பல் ஆகியவற்றை ஊறவைக்கக் கூடாது. சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியும், அடுத்து வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியும் போதும். எலுமிச்சைச் சாறு, வினிகர், சமையல் சோடா, வெள்ளி மெருகுக் கரைசல் ஆகிய எதுவும் அருகில் வரக்கூடாது. அல்ட்ராசோனிக் கருவியும் நீராவியும் பதித்த வைரத்துக்கு உதவலாம். எண்ணெய் நிரப்பிய மரகதத்திலிருந்து எண்ணெயை வெளியேற்றி, பட்டு நூலையும் அவை நைந்துபோகச் செய்யும். பல கற்கள் கலந்த சரத்தை, அதில் மிக மென்மையான கல் எதுவோ அதன் விதிப்படியே நடத்த வேண்டும்.

நனைந்த பட்டுச் சரத்தைத் தொங்கவிட்டால் நூல் நீண்டு இடைவெளி விழும். உலர்ந்த துணியில் வளையமாகப் படுக்கவைத்து முழுதாக ஒரு நாள் விடுங்கள். வெளியே உலர்ந்தாலும் துளைக்குள் ஈரம் இருக்கும். வைக்கும்போதும் படுக்கைவாட்டில், தனித்தனித் துணிப்பைகளில் வையுங்கள். முத்தையும் ஓப்பலையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் நெடுநாள் அடைத்து வைப்பது நல்லதன்று.

ஆறாம் படி: அவிழ்த்து மீண்டும் கோத்தல்

அடிக்கடி அணியும் முத்துச் சரத்தை ஆண்டுக்கு ஒரு முறை இவ்வாறு சோதியுங்கள்: கொக்கிக்கு அருகே இரு மணிகளை விரல்களால் விலக்கிப் பாருங்கள். முடிச்சுக்கும் மணிக்கும் இடையே நூல் தெரிந்தாலோ, நூல் கறுத்தோ பிசிர்விட்டோ இருந்தாலோ, மீண்டும் கோக்கும் நேரம் வந்துவிட்டது. மீள்நூல் தன் துள்ளலை இழந்தவுடனேயே மாற்ற வேண்டியது.

அவிழ்க்கும் முன் சரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் பெரிதாகவும் ஓரங்களில் சிறிதாகவும் வரிசைப்படுத்திய சரமாக இருந்தால், ஒட்டும் நாடாவின் பசைப்பக்கத்தில் அல்லாமல், மடித்த தடித்த தாளின் பள்ளத்தில் அதே வரிசையில் மணிகளை இறக்குங்கள். பசை துளைக்குள் போனால் எடுப்பது கடினம். துளையின் உட்சுவரைக் கழுவ இதைத் தவிர வேறு வாய்ப்பு இல்லை. சோப்பு நீரில் நனைத்த தடித்த பருத்தி நூலை ஒவ்வொரு துளையிலும் முன்னும் பின்னும் இழுத்து, அடுத்து வெறும் நீரில் நனைத்த நூலால் மீண்டும் துடையுங்கள். அந்த நூலில் ஏறும் நிறத்தையும் கவனியுங்கள்: பழுப்பு என்றால் பழைய அழுக்கு, நீலமோ சிவப்போ பச்சையோ என்றால், வாங்கும்போது தப்பிப்போன சாயம் இப்போது தெரிகிறது. ஒரு நாள் உலரவிட்டு, துளை வாயில் புதிய சில்லுகள் உள்ள மணிகளைக் கொக்கியை ஒட்டிய இடங்களுக்கு மாற்றிக் கோத்துவிட்டு, கல்லின் பெயர், அறிந்த மாற்றங்கள், நூலின் வகை, கோத்த தேதி ஆகியவற்றைச் சிறு தாளில் எழுதிச் சரத்தின் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.